தகரப் பெட்டியிலிருந்து ஓர் ஆய்வேடு

மேலாண்மைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பிப்போரின் படிவத்தில் ‘ஆய்வு ஆர்வம்’ என்றொரு கட்டம் உண்டு. பெரும்பாலானோர் அதில் பெயர்ச்சொற்களையே நிரப்புவார்கள்: நிறுவன நிதி, நுகர்வோர் நடத்தை, விநியோகச் சங்கிலி, தலைமைப் பண்பு. மொராதாபாத்திலிருந்து விண்ணப்பித்த பெண்ணொருத்தி மட்டும் அந்தக் கட்டத்தில் ஒரு கேள்வியை எழுதியிருந்தாள். “சிறு பட்டறைகளுக்குச் சேர வேண்டிய பணம் ஏன் உரிய நாளில் வருவதில்லை?”

நேர்முகத் தேர்வுக் குழுவின் மூத்த பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்: “இது ஆய்வு ஆர்வமா, புகாரா?”

“புகாராகத்தான் தொடங்கியது, சார். அதை ஆய்வாக மாற்றக் கற்றுக்கொள்ளலாம் என்று வந்திருக்கிறேன்.”

இடம் கிடைத்தது.

மொராதாபாத், உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கை ஆற்றங்கரையில் இருக்கும் நகரம். பித்தளை நகரம் என்றே வட இந்தியாவில் அதற்குப் பெயர். வெளிநாட்டு வீடுகளை அலங்கரிக்கும் விளக்குத் தண்டுகளும் பூச்சாடிகளும் கிறிஸ்துமஸ் மணிகளும் அதன் சந்துகளில் உருவாகின்றன. ஒரு பூச்சாடி ஒரே கூரையின் கீழ் பிறப்பதில்லை. ஒரு பட்டறையில் உருக்கி வார்ப்பார்கள், இன்னொன்றில் கடைசல் பிடித்துச் சொரசொரப்பை நீக்குவார்கள், மூன்றாவதில் பூவேலை செதுக்குவார்கள், நான்காவதில் மெருகேற்றுவார்கள். கடைசியாக ஏற்றுமதியாளர் பெட்டியில் அடைத்துத் துறைமுகத்துக்கு அனுப்புவார்.

அவளுடைய தந்தையினுடையது மெருகேற்றும் பட்டறை. நான்கைந்து பேர் வேலை செய்தார்கள். சரக்கு போகும் ஒவ்வொரு முறையும் ஒரு துண்டுச்சீட்டு வரும். எத்தனை உருப்படி, என்ன கூலி, என்ன தேதி என்று அதில் இருக்கும். பணம் எப்போது வரும் என்பது இருக்காது. சீட்டுகளெல்லாம் ஒரு பழைய பிஸ்கட் தகரப் பெட்டியில் சேரும். பணம் வந்ததும் சீட்டைக் கிழித்துப் போடுவார். பண்டிகைக்கு முன் அந்தப் பெட்டி நிரம்பியிருந்தால், அந்த ஆண்டு புதுத்துணி இல்லை என்று பொருள். அவளுக்குப் பள்ளி வயதிலேயே தெரிந்திருந்த நிதியியல் அவ்வளவுதான். அவள் மேலே படிக்க வேண்டும் என்பதற்காகத் தம்பி கல்லூரியைப் பாதியில் நிறுத்திவிட்டு மெருகுச் சக்கரத்தின் முன் நின்றான். அதை வீட்டில் யாரும் தியாகம் என்று பெயரிட்டுச் சொன்னதில்லை. சொல்லாததே அவளுக்குப் பாரமாக இருந்தது.

முதல் பருவத்தில் அவளுக்கு வாசிக்கக் கொடுத்தவற்றுள் ஒன்று அகமதாபாத்தின் கதை. இந்தியாவில் மேலாண்மை ஆய்வு, தொழிற்சாலையின் இரைச்சலுக்கு வெகு தொலைவில் பிறந்த ஒன்றல்ல என்பதை அதிலிருந்துதான் அவள் அறிந்தாள். 1947-இல் விக்ரம் சாராபாய் முன்னின்று உருவாக்கிய அகமதாபாத் ஜவுளித் தொழில் ஆய்வு நிறுவனத்தில் நூலையும் தறியையும் மட்டும் ஆராயவில்லை. ஆலைத் தொழிலாளரின் மனநிலையையும் ஆராய்ந்தார்கள். அந்தப் பணியில் இருந்த உளவியலாளர் கமலா சௌத்ரி, பின்னாளில் அதே நகரில் தொடங்கிய இந்திய மேலாண்மைக் கழகத்தின் முதல் பேராசிரியர்களுள் ஒருவரானார். 1953-இல் லண்டனின் டாவிஸ்டாக் நிறுவனத்திலிருந்து ஏ. கே. ரைஸ் என்பவர் அதே நகரின் காலிகோ ஆலைக்கு வந்தார். புதிய தானியங்கித் தறிகள் வந்த பின்னும் உற்பத்தி எதிர்பார்த்தபடி உயரவில்லை. தறிகளைக் குறை சொல்லாமல், வேலை பிரிக்கப்பட்டிருந்த விதத்தை ரைஸ் பார்த்தார். ஆளுக்கொரு சிறு பணி என்றிருந்ததை மாற்றி, ஒரு தறித் தொகுதிக்கு ஒரு சிறு குழு பொறுப்பு என்று ஆக்கும் யோசனை பிறந்தது. யார் யாரோடு சேர்வது என்பதைத் தொழிலாளர்களே முடிவு செய்தார்கள். உற்பத்தியும் துணியின் தரமும் உயர்ந்தன.

அகமதாபாத், கொல்கத்தா நகரங்களில் இந்திய மேலாண்மைக் கழகங்கள் தோன்றியது 1961-இல். பத்து ஆண்டுகள் கழித்து, 1971-இல், அகமதாபாத்தில் முனைவர் நிலைப் படிப்பு தொடங்கியது. அந்தக் கழகங்கள் சட்டப்படி பல்கலைக்கழகங்கள் அல்ல என்பதால் பட்டம் வழங்க இயலவில்லை. ‘ஃபெல்லோ’ என்ற தகுதியையே வழங்கின. நான்கைந்து ஆண்டுகள் உழைத்து வெளியே வந்தவர்கள், அது முனைவர் பட்டத்துக்கு இணையானது என்று ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்க வேண்டியிருந்தது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 ஜனவரி 31 அன்று நடைமுறைக்கு வந்த தனிச் சட்டம்தான் அந்த நிலையை மாற்றியது.

இத்தகைய படிப்பின் முதல் இரண்டு ஆண்டுகள் வகுப்பறையிலேயே கழியும். நுண்பொருளியல், பொருளாதார அளவியல், அமைப்புக் கோட்பாடு, ஆய்வு முறையியல் எனப் பாடங்கள் நீளும். பிறகு ஒரு பெரிய தகுதித் தேர்வு; அதன் பிறகு ஆய்வு முன்மொழிவு. எம்.பி.ஏ. மாணவர்கள் இரண்டே ஆண்டுகளில் வேலையோடு வெளியேறுவதை ஆய்வு மாணவர்கள் இரண்டு, மூன்று முறை நின்று பார்ப்பார்கள். விடுதியில் அவர்களின் தாழ்வாரத்தில் விளக்கு அணைய நேரமாகும்.

அந்தத் தாழ்வாரத்தில் அவளுக்கு இரண்டு அறை தள்ளி இருந்தவர் முன்னாள் வங்கி அதிகாரி. நாற்பதை நெருங்கும் வயது. மனைவியும் மகளும் வேறு ஊரில். கிளை மேலாளராக இருந்தபோது, நிரந்தர வைப்பு போட வந்த முதியவர்களிடம் காப்பீட்டுத் திட்டங்களை விற்கச் சொல்லி மேலிடத்திலிருந்து வந்த நெருக்கடி அவரை உறுத்தியது. நல்லவர்கள் என்று தாம் அறிந்த ஊழியர்கள் அதை எப்படிச் செய்தார்கள், செய்துவிட்டு எப்படி வீட்டுக்குப் போனார்கள் என்பதே அவருடைய கேள்வி. ஒரு வங்கி முதலில் அனுமதி தந்தது. கேள்வித்தாளைப் பார்த்ததும் அனுமதியை விலக்கிக்கொண்டது. கடைசியில் அவர் ஓர் ஆய்வக சோதனையை வடிவமைத்தார். எம்.பி.ஏ. மாணவர்களை விற்பனையாளர்களாகப் பாவித்துக் கணினியின் முன் அமர்த்தி முடிவெடுக்கச் செய்தார். உலகெங்கும் மேலாண்மை ஆய்வுகளில் வழக்கமாக இருக்கும் முறைதான் அது.

“பதினைந்து வருஷம் கவுண்டரில் பார்த்ததை, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு நிரூபிக்க வேண்டியிருக்கிறது” என்று ஒருநாள் உணவுக்கூடத்தில் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். தட்டில் இருந்ததைச் சாப்பிடவில்லை.

எதிர் அறையில் இருந்தவன் பொறியியல் படித்துவிட்டு நேரே வந்தவன். செயல்பாட்டு ஆய்வு அவன் துறை. கிராமங்களுக்குத் தடுப்பூசி கொண்டுசெல்லும் வண்டிகளின் பாதையைச் சீராக்கும் கணித மாதிரி ஒன்றை எழுதியிருந்தான். சமன்பாடுகள் அழகாக இருந்தன. அவனுடைய நெறியாளர் அவற்றைப் படித்துவிட்டு, “ஒரு வாரம் ஏதாவது ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்” என்றார். அவன் வேண்டாவெறுப்பாகப் போனான். அங்கே சிக்கல் வண்டியில் இல்லை; சிறு கண்ணாடிக் குப்பியில் இருந்தது. பி.சி.ஜி. தடுப்பூசிக் குப்பி ஒன்றில் பத்து டோஸ் இருக்கும். பொடியைக் கரைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் செலவழிக்க வேண்டும். மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மூன்று குழந்தைகள் மட்டும் வந்திருக்கும் காலையில் செவிலியர் குப்பியைத் திறப்பதா, அடுத்த வாரம் வரச் சொல்வதா? திறந்தால் ஏழு டோஸ் வீண். திருப்பி அனுப்பினால், கூலி வேலையை விட்டு வந்த தாய் மறுபடி வருவாள் என்பதற்கு உறுதியில்லை. அவன் திரும்பி வந்து வண்டிகளின் மாதிரியை மூடி வைத்தான். குப்பியை எப்போது திறப்பது என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துக்கொண்டான். முன்னதைவிடச் சிறிய கேள்வி. ஆனால் அந்தச் செவிலியர் ஒவ்வொரு வாரமும் எதிர்கொள்ளும் கேள்வி.

ஆய்வுப் பயிற்சி என்பதே கேள்வியைச் சுருக்கும் பயிற்சிதான். இந்த இரண்டு அறைகளிலும் கேள்வி சுருங்கியது. ஒன்றில், கிடைத்த தரவின் அளவுக்குச் சுருங்கியது. மற்றொன்றில், பொருளின் மையத்தை நோக்கிச் சுருங்கியது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். எது தனக்கு நேரப்போகிறது என்ற அச்சம் மொராதாபாத் பெண்ணுக்கு இரண்டாம் ஆண்டின் முடிவில் வந்தது.

முன்மொழிவோடு நெறியாளர் முன் அமர்ந்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி, “தரவு எங்கே?”

இந்திய நிறுவனங்களைப் பற்றி ஆராய்வோருக்கு அந்தக் கேள்விக்குப் பழகிய விடை ஒன்று உண்டு. இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் என்ற தனியார் அமைப்பு திரட்டும் ‘ப்ரோவெஸ்’ தரவுத்தளத்தில் பல்லாயிரம் நிறுவனங்களின் ஆண்டுக் கணக்குகள் வரிசையாக இருக்கின்றன. நிறுவனங்கள் தங்களுக்குப் பொருள் தந்தவர்களுக்கு எவ்வளவு பாக்கி வைத்திருக்கின்றன என்பதையும் அதில் பார்க்கலாம். கூடவே சட்டம் ஏதேனும் ஒரு கோடு கிழித்திருந்தால் ஆய்வாளருக்கு இன்னும் நல்லது. 2013-ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி எட்டிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்றது. கோட்டுக்குச் சற்று மேலே இருப்பவையும் சற்றுக் கீழே இருப்பவையும் மற்ற விதங்களில் ஏறத்தாழ ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆகவே இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டைச் சட்டத்தின் விளைவு என்று துணிந்து சொல்ல முடியும். அந்த ஒரு கோட்டின்மேல் எழுந்த ஆய்வுக் கட்டுரைகள் ஏராளம்.

அவளுடைய பொருளிலும் கோடு இருந்தது. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு தொழில்களிடம் பொருளோ சேவையோ பெற்றவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. 2019 ஜனவரியில் இன்னொரு ஆணை வந்தது. 45 நாட்களுக்கு மேல் பாக்கி வைத்திருக்கும் நிறுவனங்கள் அரையாண்டுக்கு ஒருமுறை அந்த விவரத்தை அரசிடம் தாக்கல் செய்ய வேண்டும். அந்த ஆணைக்கு முன்னும் பின்னும் நிறுவனங்கள் பாக்கி வைக்கும் நாட்கள் குறைந்தனவா? இது செய்து முடிக்கக்கூடிய ஆய்வு. நெறியாளர் முகம் மலர்ந்தது. “நல்ல ஆய்விதழில் வரும்” என்றார். அவளும் மகிழ்ந்தாள். ஓராண்டு அதிலேயே உழைத்தாள்.

அடுத்த பெருநாள் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது தந்தை கேட்டார்: “என்னம்மா எழுதுகிறாய்?”

45 நாள் சட்டத்தைச் சொன்னாள். மும்மடங்கு வட்டியைச் சொன்னாள். பணம் தராதவர்மீது வசதியாக்க மன்றத்தில் முறையிடலாம் என்பதையும் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “வட்டி கேட்டால் வட்டி கிடைக்கும். அடுத்த வேலை கிடைக்குமா?” என்றார்.

அவளிடம் விடை இல்லை.

“அது சரி, அந்தச் சட்டத்தில் நான் இருக்கிறேனா?”

அதற்கு விடை இருந்தது. அவர் இல்லை. அந்தச் சட்டத்தின் பாதுகாப்பைக் கோரப் பதிவு வேண்டும். 2020 ஜூலை முதல் ‘உத்யம்’ என்ற பெயரில் அந்தப் பதிவு இணையவழியில் இலவசமாகவே நடக்கிறது. தந்தை பதியவில்லை. பதிந்தால் வரி வரும் என்று ஒருவர் சொன்னார். பதிந்தவனிடம் வேலை தரத் தயங்குவார்கள் என்று இன்னொருவர் சொன்னார். 2015-16-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு, நாட்டில் 6.3 கோடிக்கும் மேற்பட்ட பதிவுபெறா நிறுவனத் தொழில்கள் இருப்பதாக மதிப்பிட்டது. அவற்றுள் 99 விழுக்காட்டுக்கும் மேல் குறுந்தொழில்கள். தான் ஓராண்டாக உழைத்த தரவுத்தளத்தில் அந்த 99 விழுக்காடு ஏறக்குறைய இல்லை என்பது அவளுக்குத் தெரியாத செய்தியன்று. தந்தையின் வாயால் கேட்டபோதுதான் அது உறைத்தது.

திரும்பி வந்தவள் நெறியாளரிடம், மூன்று கட்டுரைகளாக அமையவிருந்த ஆய்வேட்டில் ஒன்றை மொராதாபாத் பட்டறைகளின் சீட்டுகளைக் கொண்டு எழுத விரும்புவதாகச் சொன்னாள்.

அவர் கெட்டவர் அல்லர். அவளுக்காகவே அஞ்சினார். உதவித்தொகை எப்போது நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். துண்டுச்சீட்டுகளைக் கொண்டு எழுதிய கட்டுரையை நிதியியல் ஆய்விதழ்கள் எப்படிப் பார்க்கும் என்பதும் தெரியும். ஆய்விதழ்களுக்குத் தரவரிசை உண்டு. வேலைக்கு எடுக்கும் குழுக்கள் அந்த வரிசையைத்தான் முதலில் பார்க்கும். “உங்கள் தந்தைக்கு நன்மை செய்ய வேண்டுமானால் முதலில் பேராசிரியர் ஆகுங்கள். அதன் பிறகு எதை வேண்டுமானாலும் எழுதலாம்” என்றார். அது நடைமுறை அறிவு. அதைக் கேட்டு நடந்து, பேராசிரியராகி, பிறகு எதையும் எழுதாமல் போனவர்களும் உண்டு.

அவள் வாதாடவில்லை. இரண்டு பேரைப் படித்தாள். ஒருவர் சுமந்திர கோஷல். இந்தியன் ஆயில் நிறுவனத்தில் பணியாற்றிப் பின் உலகின் முன்னணி மேலாண்மைப் பேராசிரியர்களுள் ஒருவரானவர். 2004-இல் அவர் மறைந்த பின், அடுத்த ஆண்டு அவருடைய கட்டுரை ஒன்று வெளிவந்தது. மேலாண்மைப் பள்ளிகளில் கற்பிக்கும் கோட்பாடுகள் மனிதரைத் தன்னலமிகளாக மட்டுமே கருதுவதால், அவற்றைக் கற்றுச் செல்லும் மேலாளர்கள் அறப்பொறுப்பிலிருந்து தங்களை விடுவித்துக்கொள்கிறார்கள் என்பது அதன் வாதம். மற்றவர் பார்பரா ஹாரிஸ்-வைட். தமிழ்நாட்டின் ஆரணி என்ற சந்தை நகரை 1970-கள் தொடங்கிப் பல பத்தாண்டுகள் மீண்டும் மீண்டும் சென்று ஆராய்ந்தவர். அரசின் கணக்கில் வராத வணிகம் சாதி, மதம், குடும்பம், பழக்கம் ஆகியவற்றின் விதிகளால் நடப்பதைக் காட்டியவர். பதிவேட்டில் இல்லாத பொருளாதாரத்தையும் கறாராக ஆராயலாம் என்ற துணிவு அவளுக்கு அங்கிருந்து வந்தது.

நெறியாளர் ஒரு நிபந்தனையோடு ஒப்புக்கொண்டார். முதல் இரண்டு கட்டுரைகளையும் முடித்துவிட வேண்டும். முடித்தாள். கோடை முழுவதும் மொராதாபாத்தில் இருந்தாள்.

அங்கே முதல் வாரமே அவளுடைய படிப்பு அவளைத் தடுத்து நிறுத்தியது. தகரப் பெட்டியைத் தரையில் கவிழ்த்துச் சீட்டுகளைத் தேதிவாரியாக அடுக்கினாள். எல்லாமே பணம் வராத சீட்டுகள். வேறெப்படி இருக்கும்? பணம் வந்த சீட்டுகளைத் தந்தை கிழித்துவிடுகிறாரே. சிறு வயது முதல் அவள் பார்த்த பெட்டி, தாமதத்தை மட்டும் சேமித்து வைத்த பெட்டி. உரிய நாளில் வந்த பணத்துக்கு அங்கே சாட்சியமே இல்லை. முறையியல் வகுப்பில் ‘மாதிரித் தேர்வுப் பிழை’ என்று கரும்பலகையில் படித்தது, வீட்டுத் தரையில் கிடந்தது. பணமே வருவதில்லை என்று வளர்ந்த புகார், கிழிக்கப்பட்ட சீட்டுகளைக் காணாமல் வளர்ந்தது என்பதை அவள் முதல்முறையாக ஒப்புக்கொண்டாள்.

தெருத் தெருவாகப் போய், முப்பதுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் ஒரே வேண்டுகோளை வைத்தாள். சீட்டைக் கிழிக்காதீர்கள், பணம் வந்த தேதியை அதன் பின்புறம் எழுதி என்னிடம் கொடுங்கள். சிலர் மறுத்தார்கள். வருமான வரித் துறையின் ஆள் என்று சிலர் ஐயுற்றார்கள். இன்னாரின் மகள் என்று தெரிந்ததும் தேநீர் தந்து கொடுத்தவர்களும் உண்டு. வாரம் ஒருமுறை தம்பி மோட்டார் சைக்கிளில் சுற்றிச் சீட்டுகளைத் திரட்டி, கைபேசியில் படமெடுத்து அனுப்பினான். அவள் வளாகத்துக்குத் திரும்பிய பின்னும் ஓராண்டுக்கு மேல் அவன் அதைச் செய்தான்.

சீட்டுகள் சேரச் சேர, அவள் எதிர்பாராத ஒரு வரைபடம் உருவானது. பெரிய ஏற்றுமதியாளர்களுள் சிலர் ஒழுங்காகவே பணம் தந்தார்கள். அது இடையில் இருந்த ஒப்பந்தக்காரரிடம் நின்றது. அவருக்கும் காரணம் இருந்தது. சரக்கில் குறை என்று கழித்த தொகை இன்னும் தீராத வழக்காக இருந்தது. பட்டறை முதலாளிகள் தங்கள் ஆட்களின் வாரக் கூலியை மட்டும் நிறுத்தவில்லை. சனிக்கிழமை கூலி கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை ஆள் வேறு பட்டறையில் இருப்பான். அப்படியானால் அந்த இடைவெளியை யார் தாங்கினார்கள்?

விடை, மெருகுப் பொடியும் ரசாயனமும் விற்கும் ஒரு சிறு கடையில் இருந்தது. கடைக்காரர் ஒரு முதியவர். அவர் சீட்டு வைத்திருக்கவில்லை. நீளமான சிவப்பு அட்டைப் பேரேடு வைத்திருந்தார். வேண்டியதைப் பார்த்து எழுதிக்கொள் என்று அவளிடம் தந்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். பக்கம் பக்கமாகப் பெயர்கள், தொகைகள், தேதிகள். ஒரு பக்கத்தின் நடுவில் அவளுடைய தந்தையின் பெயர். நான்கு மாத பாக்கி. அதற்கு முந்தைய பக்கத்திலும் அவர் பெயர். அப்போது ஆறு மாதம்.

அந்தப் பக்கத்தை அவள் படமெடுக்கவில்லை. அடுத்த பக்கத்துக்குப் போனாள். இரண்டு பக்கம் தாண்டிய பின் கை நின்றது. அவள் கடையில் தனியாக இருந்தாள். யாரும் கேட்கப் போவதில்லை. ஆய்வேட்டில் எந்தப் பட்டறைக்கும் பெயர் இல்லை, எண்தான். ஓர் எண் குறைந்தால் எந்த மதிப்பாய்வாளரும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் பணம் வந்த சீட்டுகளைக் கிழித்துவிட்டு வராதவற்றை மட்டும் வைத்திருந்த பெட்டிக்கும், தந்தையின் பக்கத்தை விட்டுவிட்டு மற்றவற்றை மட்டும் வைத்திருக்கும் கோப்புக்கும் என்ன வேறுபாடு? அவள் பின்னால் புரட்டி வந்து அந்த இரண்டு பக்கங்களையும் படமெடுத்தாள்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தந்தையிடம் சொன்னாள். சொல்லாமலும் விட்டிருக்கலாம். அவர் நெடுநேரம் பேசவில்லை. தம்பி எழுந்து வெளியே போனான்.

“அவர் என்னைக் கேட்டதே இல்லை” என்றார் தந்தை கடைசியில். “நான் யாரையும் கேட்க முடியாமல் இருப்பதைப் போல, அவரும் என்னைக் கேட்க முடியாமல் இருந்திருப்பார்.”

“எழுதட்டுமா, அப்பா?”

“எழுது. எனக்குப் பணம் வந்த தேதியையும் பக்கத்திலேயே எழுது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எவனுக்கும் புரியும்.”

ஆய்வேட்டின் மூன்றாம் கட்டுரை அந்த வாக்கியத்தின் வழியில்தான் அமைந்தது. ஒவ்வொரு பட்டறைக்கும் இரண்டு நிரல்கள்: பணம் பெற ஆன நாட்கள், பணம் தர ஆன நாட்கள். தாமதம் என்பது ஒருவர் மற்றவருக்குச் செய்யும் குற்றமாக மட்டும் அங்கே இல்லை. கூலியைத் தொட முடியாத ஒரு சந்தையில், கேட்க முடியாதவரைத் தேடிக் கீழிறங்கிச் செல்லும் சுமையாக இருந்தது. 45 நாட்கள் என்ற சட்டத்தின் கோடு அந்தச் சங்கிலியின் மேல் கண்ணியை மட்டுமே தொட்டது.

முதல் கட்டுரை நல்ல ஆய்விதழ் ஒன்றில் ஏற்கப்பட்டது. அதைக் கொண்டுதான் அவளுக்கு ஓர் ஊரில் உதவிப் பேராசிரியர் வேலை கிடைத்தது. நெறியாளர் சொன்னது பொய்க்கவில்லை. மூன்றாவது கட்டுரை இரண்டு இடங்களிலிருந்து திரும்பி வந்தது. மாதிரி சிறிது, ஒரே நகரம், பொதுமைப்படுத்த இயலாது என்று மதிப்பாய்வாளர்கள் எழுதினார்கள். அவற்றுள் பாதி நியாயம் என்று அவளே ஒப்புக்கொள்கிறாள். அடுத்த கோடையில் கடைக்காரர்களின் பேரேடுகளை மட்டும் தனியே பார்ப்பதாக இருக்கிறாள். நெறியாளர் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

வங்கி அதிகாரியும் ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டார். பணி ஓய்வு பெற்ற பழைய சகாக்களைத் தேடிப் போய் அவர்கள் சொல்வதைப் பதிவு செய்யத் தொடங்கியிருக்கிறார். ஓய்வு பெற்றவர்களுக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

மொராதாபாத் வீட்டில் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. தந்தை இப்போது சீட்டுகளைக் கிழிப்பதில்லை. பணம் வந்தவற்றை ஒரு ரப்பர் வளையமிட்டு இடப்பக்கமும், வராதவற்றை வலப்பக்கமும் வைக்கிறார். ஆய்வு முடிந்துவிட்டதே, இனி எதற்கு என்று தம்பி கேட்டானாம். “அடுத்த முறை அவள் வரும்போது கேட்பாள்” என்று பதில் வந்ததாம்.